கோப்பை நாச்சியா

என் வயதுப் பெண்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். இளசுகள் வாசித்தால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

போன பெருநாளுக்கு என் மகள் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோமே, அன்றைக்குப் பேத்திமார் வீடியோவில் ஒரு படம் போட்டார்கள். பழைய இங்கிலீஷ் நாவலை வைத்து எடுத்த படமாம். அந்த நாவலை நான் வாசித்திருக்கிறேன். அதில் அந்தப் பெண் கடைசிவரை தனியாக இருந்து, காய்ச்சல் கண்டு சாகிறாள். படத்திலோ குதிரையில் வந்தவனை மழையில் கட்டிப்பிடித்துக் கல்யாணமும் முடித்துக்கொண்டாள். நீங்கள் எல்லோரும் முந்தானையால் கண்ணைத் துடைத்தீர்கள். நான் எழுந்து குசினிக்குப் போனேன். "இவளுக்கு எதைக் கண்டாலும் குறை" என்று உங்களில் யாரோ சொன்னது என் காதில் விழாமல் இல்லை. குறை சொல்ல எழுந்து போகவில்லை. வெட்கம் தாங்காமல்தான் போனேன். அந்த வெட்கத்துக்கு இப்போது ஐம்பது வயதுக்கு மேலாகிறது.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீடு அக்குறணையில், கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகிற பெருந்தெருவின் ஓரத்தில் இருந்தது. முன்பக்கம் வாப்பாவின் பலசரக்குக் கடை, பின்பக்கம் வீடு. அந்த வருடம் கராம்புக் காலமும் நோன்பு மாதமும் ஒன்றாக வந்தன. மரத்திலிருந்து கொத்துக் கொத்தாகப் பறித்து வந்த கராம்பைச் சாக்குச் சாக்காக எங்கள் நடுவறையில் கொட்டுவார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் பகலில் வந்து பன்பாயில் உட்கார்ந்து, மொட்டு வேறு காம்பு வேறாக நுள்ளிப் பிரிப்பார்கள். விரல் நுனி கறுத்துப்போகும். அந்தக் காரவாசம் கண்ணில் ஏறும், முடியில் ஏறும், இரவில் தலையணையில்கூட இருக்கும். எனக்கு அப்போது அரை நோன்புதான். இருந்தாலும் ஒரு மொட்டை வாயில் போட்டுவிடுவேனோ என்று உம்மா ஒரு கண்ணை என்மேலேயே வைத்திருப்பார்.

கை வேலை செய்யும்போது காதுக்கும் ஏதாவது வேண்டும் அல்லவா. நோன்பு மாதத்தில் நடுப்பகல் ளுஹர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் லெவ்வையின் பெண்சாதி வந்து கிஸ்ஸா ஓதுவார். நபிமார்கள், நல்லடியார்கள், பத்தினிப் பெண்கள் பட்ட பாடுகளைப் பாட்டாகச் சொல்வதுதான் கிஸ்ஸா. கதை முடிகிற நாளில் அந்த நாயகியின் பேரில் பாத்திஹா ஓதி, கஞ்சி காய்ச்சிப் பங்குவைப்பதும் வழக்கம். அந்த வருடம் லெவ்வைப் பெண்சாதி மகளின் பிள்ளைப்பேற்றுக்காகக் கம்பளைக்குப் போய்விட்டார். கதை இல்லாமல் பெண்கள் சோர்ந்து போனார்கள். கராம்பும் நகரவில்லை.

அப்போதுதான் உம்மா என் சாச்சியைப் பார்த்தார். சாச்சி, உம்மாவின் தங்கை. பெற்றோர் மவுத்தான பிறகு எங்களோடு இருந்தாள். கண்டியில் மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தவள். பெரியபிள்ளையானதும் படிப்பை நிறுத்தி வீட்டுக்குள் வைத்துவிட்டார்கள். விடைபெறும்போது வெள்ளைக்கார டீச்சர் ஒரு தடித்த நாவலைக் கொடுத்திருந்தார், பேத்திமார் போட்ட படத்தின் நாவல் அல்ல, இது வேறு. அதன் அட்டை கிழிந்து போனதால் கதையின் பெயரும் எழுதியவர் பெயரும் எனக்கு இன்றுவரை தெரியாது. சாச்சி அதை அலுமாரியில் உடுப்புகளுக்கு அடியில் வைத்திருந்தாள். இங்கிலீஷ் படித்த பெண் என்பதாலேயே அவளுக்கு மாப்பிள்ளை அமையவில்லை என்று உம்மா ஓயாமல் முணுமுணுப்பார்.

"ஒனக்கு வாசிக்கத் தெரியுந்தானே புள்ள. சும்மா ஈக்காம ஏதாச்சும் வாசியேன்" என்றார் உம்மா.

"எனக்கிட்ட ஈக்கிறது இங்கிலீசுக் கதை, ராத்தா."

"கதையெண்டா கதைதானே. தமிழ்ல செல்லு."

சாச்சி புத்தகத்தைக் கொண்டுவந்து கதிரையில் உட்கார்ந்தாள். என்னைப் பக்கத்தில் இருத்திப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் பிடிக்கச் சொன்னாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, லெவ்வைப் பெண்சாதி செய்கிற மாதிரியே முதலில் நபிகள் பேரில் ஸலவாத்துச் சொன்னாள். ஏன் சொன்னாள் என்று கேட்காதீர்கள். நோன்பு நாளில் பெண்கள் கூடியிருக்க, பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. அந்த ஒரு ஸலவாத்தோடு அது கிஸ்ஸாவாகிவிட்டது.

புத்தகத்தில் இருந்த கதை இதுதான். கடலோர ஊர் ஒன்றில் ஒரு பெண். கணவன் கப்பலில் போகிறவன். கல்யாணம் முடித்த சில மாதத்தில் போனான், வரவில்லை. அவள் தினமும் பின்னேரத்தில் அவனுடைய கோப்பையில் தேநீர் ஊற்றி மேசையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். இதைச் சாச்சி சொல்லச் சொல்ல, அந்தப் பெண் முக்காடு போட்டாள். ஐந்து வேளை தொழுதாள். தேவாலய மணி பாங்காக மாறியது. பியானோ றபான் மேளமாக மாறியது. பனி விழுவதைச் சாச்சியால் சொல்ல முடியவில்லை, வானத்திலிருந்து அரிசிமா கொட்டியது என்றாள். "ஸுப்ஹானல்லாஹ்" என்றார்கள் பெண்கள். அடுத்த சொல் கிடைக்காமல் அவள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற இடங்களிலெல்லாம், பக்தியில் தொண்டை அடைக்கிறது என்று நினைத்து அவர்களும் மூக்கை உறிஞ்சினார்கள். கோப்பையில் இருந்தது தேநீர் என்றால் சப்பென்று இருக்குமே, அதனால் அது கஞ்சியாகிவிட்டது.

அந்தப் பெண்களில் ஒருத்தி எங்கள் அடுத்த வீட்டு ராத்தா. இந்தக் கதையில் உங்களுக்கு அவளைத் தெரிந்தால் போதும். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். கண் தெரியாத வாப்பாவோடு இருந்தாள். அவளைக் கல்யாணம் முடித்தவர் மாணிக்கக்கல் விற்கப் பினாங்குக்குப் போனவர். போய்ப் பல வருடமாகியும் ஒரு தகவலும் இல்லை. கராம்பு நுள்ளியும் உடுப்புத் தைத்தும் அவள் வாப்பாவுக்குச் சோறு போட்டாள். சிரித்தால் அழகாயிருப்பாள், ஆனால் சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொள்வாள்.

அவளுக்கு ஒரு நல்ல காரியம் கூடிவந்தது. கண்டியில் துணிக்கடை வைத்திருந்த ஒருவருக்கு மனைவி மவுத்தாகியிருந்தார். வாப்பாவின் கடைக்கு வந்துபோகிற மனிதர். சத்தம்போட்டுப் பேசத் தெரியாதவர். கணவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத பெண் காதியாரிடம் போய்ச் சொன்னால், அந்த நிகாஹை முறித்து விடுதலை கொடுப்பார். அப்படி வாங்கிக்கொண்டால் அவளைத் தான் முடித்துக்கொள்வதாகவும், அவளுடைய வாப்பாவையும் தன்னோடு வைத்துப் பார்ப்பதாகவும் அவர் சொல்லியனுப்பினார். தாயில்லாத பிள்ளை என்பதால் பேசுகிற பொறுப்பு உம்மா தலையில் விழுந்தது. பெருநாள் முடியப் பதில் சொல்வதாகப் பேச்சு. நோன்பு தொடங்கும்போது அவள் முகத்தைப் பார்த்த எவருக்கும் பதில் என்ன என்று தெரிந்திருந்தது. நுள்ளுகிற கராம்பை அப்படியே மடியில் விட்டுவிட்டுத் தன்பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

இனித்தான் சாச்சியின் கதையில் டாக்டர் வருகிறார். புத்தகத்தில் அந்த ஊருக்கு ஒரு டாக்டர் வருகிறார். காத்திருக்கிற பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தபோது மருந்து கொடுக்கிறார், விறகு வெட்டிப்போடுகிறார். அந்தப் பின்னேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சாச்சி, "ஒரு மனிசர் வந்து கதவத் தட்டினார்" என்றாள். பிறகு பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆரு அவன்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"புருசன் இல்லாத ஊட்டுக்கு அந்நிய ஆம்புள எனத்துக்கு வாரான்?" என்றாள் இன்னொருத்தி. "ஷைத்தானா ஈக்கும். நல்ல மனிசன்ட வேசத்தில வந்தீக்கான்."

எல்லோரும் சாச்சியைப் பார்த்தார்கள். சாச்சி புத்தகத்தைப் பார்த்தாள். புத்தகத்தின் மற்றப் பக்கத்தைப் பிடித்திருந்த என் கைமேல் அவள் கை இருந்தது. அது வேர்த்திருந்தது.

"ஓ" என்றாள். "ஷைத்தான்தான்."

அன்றையிலிருந்து கதை சூடுபிடித்தது. ஷைத்தான் மருந்து கொண்டுவந்தான், அவள் குடிக்கவில்லை. உன் கணவன் வேறு ஊரில் வேறு பெண்ணோடு வாழ்கிறான் என்று செய்தி கொண்டுவந்தான், அவள் நம்பவில்லை. பட்டுத்துணி கொண்டுவந்தான், அவள் தொடவில்லை. புத்தகத்தில் பட்டும் இல்லை, துணியும் இல்லை. துணி எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பெண்கள் பகலெல்லாம் அந்த ஷைத்தானைச் சபித்துக்கொண்டு கராம்பு நுள்ளினார்கள். அடுத்த வீட்டு ராத்தா தன்பாட்டுக்குச் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். குனிந்த தலை நிமிராமல் கேட்டாள்.

இருபத்தேழாம் நோன்பு நெருங்கியபோது உம்மா சாச்சியிடம், "நோன்பு புடிச்சிக்கொண்டு இவளவு அழ ஏலா புள்ள. நல்லபடியா முடிச்சிரு" என்றார். சாச்சி நல்லபடியாக முடித்தாள். கணவன் கப்பல் நிறையப் பொன்னோடு வந்தான். வாசலில் பிச்சைக்காரன் மாதிரி நின்று தண்ணீர் கேட்டான். அவள் யாரென்று தெரியாமலே அந்தக் கோப்பைக் கஞ்சியைக் கொடுத்தாள். குடித்தவன் அழுதான். அவன் கண்ணீர் விழுந்த கோப்பை பொன்னானது. நடுவறையில் எல்லோரும் ஒன்றாக அழுதார்கள். நானும் அழுதேன். சாச்சி அழவில்லை. ஆனால் அவள் முகம் சிவந்து மினுங்கியது. இத்தனை பேர் தன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

கிஸ்ஸா முடிந்தால் பாத்திஹா ஓத வேண்டும். பள்ளிவாசல் லெவ்வை வந்தார். நடுவில் மறைப்புக்குச் சீலை கட்டி, மறுபக்கத்தில் பெண்கள் இருந்தார்கள்.

"ஆர்ட பேருக்கு ஓதணும்?" என்று கேட்டார்.

உம்மா தயங்கவே இல்லை. "கோப்பை நாச்சியாட பேருக்கு" என்றார். பெண்கள் தாங்களாகவே அந்தப் பெயரை வைத்திருந்தார்கள்.

"அப்பிடி ஒருத்தர நான் கேள்விப்படேல்லியே. எந்த ஊராம்?"

சீலைக்குப் பின்னாலிருந்து சாச்சியின் குரல் மெலிந்து வந்தது. "கடலுக்கு அங்கால."

"அல்லாஹ் அறிஞ்சவன்" என்று சொல்லிவிட்டு அவர் ஓதத் தொடங்கினார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். வெள்ளைக்காரப் பெண் ஒருத்திக்கு, அதுவும் பிறக்காத பெண்ணுக்கு, அக்குறணையில் பாத்திஹா ஓதிக் கஞ்சி பங்குவைத்த வீடு எங்கள் வீடு ஒன்றுதான். கஞ்சியை நான்தான் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். பூண்டும் ரம்பை இலையும் தேங்காய்ப்பாலும் மணக்கும் கஞ்சி. "கோப்பை நாச்சியாட கஞ்சி" என்று என் வாயாலேயே சொல்லிக் கொடுத்தேன்.

அன்றைக்கு எல்லோரும் போன பிறகும் அடுத்த வீட்டு ராத்தா போகவில்லை. உம்மாவிடம் வந்து தானும் நேர்ச்சை வைக்கப்போவதாகச் சொன்னாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பொழுது சாய, மஃரிபுக்கு முன் ஒரு கோப்பை கஞ்சியோடு தெருவாசலில் நிற்பாளாம். முதலில் வருகிற வழிப்போக்கருக்கு அதைக் கொடுப்பாளாம். ஒரு நாள் அந்த வழிப்போக்கர் அவள் கணவராகவே இருப்பாராம். உம்மா நெகிழ்ந்து போனார். அலுமாரியைத் திறந்து, நீலப் பூப்போட்ட பீங்கான் கோப்பைகளில் ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார். எங்கள் வீட்டில் விருந்தாளிகளுக்கு மட்டும் வெளியே வருகிற கோப்பை அது. "நாச்சியாட பறக்கத்து ஒனக்குக் கிடைக்கும் புள்ள" என்றார்.

அவள் கோப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு, "துணிக்கடைக்காரருக்கு வேணாம் எண்டு செல்லிருங்கோ, மாமி" என்றாள்.

உம்மா திகைத்துப் போனது உண்மை. நல்ல மனிதர், வாப்பாவையும் பார்ப்பார், யோசித்துச் சொல் என்றெல்லாம் சொல்லிப்பார்த்தார். அதற்கு அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "ஷைத்தானும் நல்ல மனிசனாத்தானே வந்தான், மாமி" என்றாள். வாசலில் நின்ற சாச்சி உள்ளே போய்விட்டாள்.

பெருநாள் வந்தது. மறுப்பு கண்டிக்குப் போனது. கொஞ்ச நாளில் அங்கிருந்து மறுபடி ஆள் வந்தது. அந்தப் பெண் இல்லாவிட்டால், உங்கள் வீட்டிலே இங்கிலீஷ் படித்த தங்கை ஒன்று இருக்கிறதாமே, அந்தப் பிள்ளையைக் கொடுப்பீர்களா என்று கேட்டிருந்தார்கள். உம்மா ஸுஜூதில் விழுந்து அழுதார். சாச்சிக்கு இனி ஒருவர் வரமாட்டார் என்றிருந்த வீடு அல்லவா.

அன்றைக்குப் பின்னேரம் குசினியில் சாச்சி உம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன். நான் அங்கேயே உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். என்னை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

"ராத்தா, புத்தகத்தில அவன் வாரதில்ல" என்றாள் சாச்சி.

"ஆரு?"

"கப்பல்காரன். கடைசிமட்டும் வாரதில்ல. ஒரு நாள் அந்தக் கோப்பையில அவளே ஊத்திக் குடிக்கிறா. குடிச்சிட்டுக் கழுவி மத்தக் கோப்பைகளோட வெக்கிறா. அவளவுதான். அந்த டாக்டரத்தான் முடிக்கிறா. அவர் நல்ல மனிசர், ராத்தா. நான்தான் மாத்திச் சென்ன."

உம்மா அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "இப்ப எனத்துக்கு அத எனக்கிட்டச் செல்ற?"

"போய் அவகிட்டச் செல்லணும். அவ அந்தக் கதைய நம்பித்தான் வேணாமெண்டா."

"போய் எனத்தியன் செல்லப்போற? கோப்பை நாச்சியா வெள்ளக்காரியெண்டா? பாத்திஹா ஓதீக்கி. ஊரெல்லாம் கஞ்சி குடிச்சீக்கி. லெவ்வைட மொகத்தில ஒன்ட மச்சான் எப்பிடி முழிக்கிற?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சென்னா அவ ஓ எண்டு செல்லுவா. அப்ப ஒனக்கு?"

சாச்சி நான் துருவிய தேங்காய்ப்பூவை வழித்து உம்மாவின் பக்கம் நகர்த்தினாள்.

"அவ தானா வேணாமெண்டா. நாங்க ஒண்டும் தட்டிப் பறிக்கேல்ல. வாய மூடிக்கொண்டு ஈ புள்ள" என்றார் உம்மா.

என் உம்மா கெட்டவர் இல்லை. உங்களில் சிலர் அவர் கையால் சாப்பிட்டிருக்கிறீர்கள். பசி என்று வந்தவரை வாசலில் நிறுத்தாதவர். ஆனால் அன்றைக்கு அவர் பேசியதை நினைத்தால் எனக்கு இன்னும் தலை குனிகிறது. பேச்சை முடித்துவிட்டு, உப்புச் சரிதானா பார் என்று ஆணத்தில் கொஞ்சம் என் உள்ளங்கையில் ஊற்றினார். நான் நக்கிப் பார்த்துச் சரி என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாச்சி உம்மாவுக்குத் தெரியாமல் புத்தகத்தை முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் கிளுவை வேலி, அதில் ஆள் புகுகிற அளவுக்கு ஒரு கடப்பு. கடப்பில் நின்று பார்த்தால் அவர்கள் தெருவாசல் தெரியும். அடுத்த வீட்டு ராத்தா கோப்பையோடு நின்றாள். மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் போகிற ஒரு தொழிலாளி மூட்டையோடு வந்தார். அவள் முகத்தை மூடிக்கொண்டு கோப்பையை நீட்டினாள். அவர் மூட்டையை இறக்கிவைத்துக் குந்தியிருந்து குடித்தார்.

"பசி தாங்காம வந்தேங்க. நீங்க நல்லா இருக்கணும்மா" என்றார். "என்னா விசேசங்க இன்னைக்கி?"

"எங்கட ஊட்டுக்காரர் பயணத்தில ஈக்கார். அவர் வரணுமெண்டு துஆச் செய்ங்கோ."

"வந்துருவாருங்க. நிச்சயமா வந்துருவாரு."

அவர் போன பிறகு அவள் முகத்திரையை விலக்கிக் கோப்பையைப் பார்த்தாள். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அவள் முகத்தில் அதற்கு முன் கண்டதில்லை, துணிக்கடைக்காரர் பேச்சு வந்த நாளில்கூட. சாச்சி கடப்பில் ஒரு காலை வைத்தபடி நின்றாள். புத்தகம் அவள் நெஞ்சில் இருந்தது. பிறகு காலை எடுத்துவிட்டாள்.

"நாளைக்குச் செல்றன்" என்று என்னிடம் சொன்னாள்.

அந்த நாளை வரவில்லை. கல்யாணம் முடிந்து சாச்சி கண்டிக்குப் போனாள். கல்யாணத்துக்கு அடுத்த வீட்டு ராத்தாதான் சட்டை தைத்துக் கொடுத்தாள். பெண்ணின் கையில் மருதோன்றி வைத்துவிட்டதும் அவள்தான். சாச்சி முழுநேரமும் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். புதுப்பெண்ணுக்கு வெட்கம் என்றார்கள். நான் வட்டிலப்பம் இரண்டு தரம் வாங்கித் தின்றேன்.

என்னையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று உம்மாவோடு சண்டைபிடித்தது சாச்சிதான். கண்டியில் அவள் வீட்டில் தங்கி நான் படித்தேன். துணிக்கடைக்காரர், இனி அவரைச் சாச்சா என்று சொல்ல வேண்டும், உண்மையிலேயே தங்கமான மனிதர். மழை நாளில் கடையை விட்டுவிட்டுக் குடையோடு பள்ளிக்கூட வாசலுக்கு வருவார். அவர் நல்லவராக இருக்க இருக்க, இந்தக் குடை இன்னொருத்திக்கு உரியது என்று தோன்றும். சாச்சியும் அவரோடு அதிர்ந்து பேசமாட்டாள், உரக்கச் சிரிக்கவும் மாட்டாள். இரவல் வாங்கிய பொருளைக் கையாள்வதுபோல அவரோடு வாழ்ந்தாள்.

எனக்கு இங்கிலீஷ் போதிய அளவு வந்ததும் அந்த நாவலை அலுமாரியிலிருந்து எடுத்து வாசித்தேன். சாச்சி குசினியில் சொன்னது எல்லாம் உண்மை. இன்னுமொன்றும் கண்டேன். மற்றப் பக்கங்கள் சுத்தமாக இருந்தன. டாக்டர் வருகிற பக்கங்கள்தான் விரல் பட்டுப் பட்டுக் கறுத்து, ஓரம் மடிந்து கிடந்தன. கராம்புக் கறை அல்ல, அதற்கு முந்திய கறை. அந்த நாவலில் சாச்சி திரும்பத் திரும்ப வாசித்தது அந்த மனிதரைத்தான். அவரைத்தான் ஷைத்தானாக்கினாள். பெண்கள் வாயில் வந்ததை மறுக்கப் பயந்து ஓ என்றாளா, கடைக்கு வந்துபோன துணிக்கடைக்காரரைச் சீலைக்குப் பின்னாலிருந்து பார்த்துப் பார்த்து ஓ என்றாளா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. சாச்சி மவுத்தாகும்வரை நாங்கள் இருவரும் அந்தப் புத்தகத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

அடுத்த வீட்டு ராத்தாவின் கணவர் வரவில்லை. பினாங்கிலிருந்து திரும்பிய ஒருவர், அவருக்கு அங்கே மனைவி மக்கள் இருக்கிறார்கள், தானே அவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன் என்று வந்து சொன்னார். அவள் அவரை வாசலோடு அனுப்பிவிட்டாள். அப்படி ஒரு செய்தி வரும், அதைக் கொண்டுவருகிறவன் யார் என்று சாச்சி எப்போதோ சொல்லி வைத்திருந்தாளே. அவளுடைய வாப்பாவும் மவுத்தானார். அவள் சட்டை தைத்துத் தைத்துக் கண் மங்கினாள்.

சாச்சியின் நாற்பதாம் நாள் கத்தம் அக்குறணையில் ஓதினார்கள். நான் கண்டியிலிருந்து அந்த நாவலைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். எனக்கே அப்போது தலை நரைத்துவிட்டது. சொல்லியே தீருவது என்றுதான் போனேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு சொல்லி என்ன ஆகப்போகிறது என்று என் மகள் கேட்டாள். ஒன்றும் ஆகாவிட்டாலும் சொல்ல வேண்டும் என்றேன். கத்தம் முடிந்ததும் தெருவழியாகவே அடுத்த வீட்டுக்குப் போனேன். வேலியும் கடப்பும் இருந்த இடத்தில் மதில் எழும்பியிருந்தது.

அது வெள்ளிக்கிழமை என்பது தெருவாசலில் அவளைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதே நீலப் பூக் கோப்பை. விளிம்பில் ஒரு துண்டு உடைந்திருந்தது. பூ அழிந்து, நீலம் அங்கங்கே மட்டும் மிச்சமிருந்தது. தெருவில் பஸ்ஸும் வேனும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. நடந்து போகிறவர் ஒருவருமில்லை. அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஆரு?"

சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது.

"சாச்சிட ராத்தாட மகளா? அல்லாஹ்வே. சாச்சிக்கு நான் ஒவ்வொரு தொழுகையிலயும் துஆச் செய்றன் புள்ள. அவ அந்த நாச்சியாட கதையச் செல்லாட்டி நான் எப்பிடி இவளவு காலம் கழிச்சீப்பன்?"

நான் பையின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இப்பெல்லாம் ஆரும் நடந்து வாரதில்ல" என்றாள். "எல்லாரும் வாகனத்தில போறாங்க. சில கெழமை ஊத்தித்தான் விடுற. இண்டைக்கு நீ வந்த. இந்தா, நீதான் மொத ஆள்."

இரண்டு கையாலும் கோப்பையை நீட்டினாள். வாங்கினேன். உடைந்த விளிம்பைத் திருப்பி மறுபக்கம் வைத்துக் குடித்தேன். அவள் பக்கத்திலேயே நின்று, நான் குடித்து முடிக்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உப்புச் சரியா புள்ள?" என்று கேட்டாள்.

"சரி" என்றேன்.